கறுப்புப் பட்டை டப்பா

பாஸ்டர் வந்து கேட்டபோது நான் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"அம்மா, அடுத்த மாசம் மூணு சபையும் சேர்ந்து ஒரு கூட்டம் வைக்கிறோம். போன வருஷம் ஒரு சாட்சி சொன்னீங்களே, அதை அங்க இன்னொரு தடவை சொல்லணும். எத்தனை பேர் கேட்டு அழுதாங்க!"

அழுதார்கள்தான். சொன்ன நானும் அழுதேன். ஆனால் கர்த்தர் எனக்குச் செய்ததாக நான் சொன்ன அந்தச் சாட்சியில் உண்மை என்று ஒரு துளிகூடக் கிடையாது. "தொண்டை சரியில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, கிடைத்த செருப்போடு வாசல்வரை நொண்டிக்கொண்டே போய்விட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். வெட்கங்கெட்டவள்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

நான் ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் வேகவைக்கிறவள். சிரிக்க வேண்டாம், வேலையே அதுதான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தத்தோடு வரும் கத்தரிக்கோல், இடுக்கி, கத்திப்பிடி எல்லாவற்றையும் கழுவி, உலர்த்தி, பட்டியல்படி எண்ணி, பச்சைத் துணியில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டாக்கி, ஸ்டெரிலைசரில் அடுக்கி நீராவியில் வைக்க வேண்டும். ஒரு தடவை அடுக்குவது ஒரு லோடு. ஒவ்வொரு லோடிலும் நடுவில் ஒரு சோதனைக் கட்டு போகும். அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை. போகும்போது மஞ்சளாக இருக்கும். நீராவி சரியாக உள்ளே இறங்கியிருந்தால் கறுப்பாக வெளியே வரும். அந்தப் பட்டையை லோடு புத்தகத்தில் ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டுகள் தியேட்டருக்குப் போகும்.

சட்டம் அப்படி. நடந்தது வேறு. சில நாள் அவசரத்தில் பட்டை வைக்க மறந்துபோகும். சில நாள் அது தொலைந்துபோகும். அதற்காக யாரும் மொத்த லோடையும் மறுபடி ஏற்றுவதில்லை. ஒரு கட்டில் தவறி இரண்டு பட்டை போய்விட்டால், மிஞ்சுகிற கறுப்புப் பட்டையை எறியாமல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்போம். இல்லாத நாளில் அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நானும் செய்தேன். மிஷின்தான் நன்றாக ஓடுகிறதே என்று எல்லோருக்கும் ஒரு தைரியம்.

போன வருஷம் ஒரு காலை, மூன்றாம் நம்பர் மிஷினிலிருந்து லோடை இறக்கியவள் ரேடியோ. அவள் பெயர் அதில்லை. ஓயாமல் பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருப்பாள் என்பதால் எல்லோருக்கும் ரேடியோ. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். எங்கள் சபையிலேயே பாடகர் வரிசையில் முதலில் நிற்பாள். அன்றைக்குச் சோதனைக் கட்டைப் பிரித்துப் பட்டையை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இது பாதி மஞ்சளா இருக்கே."

பார்த்தேன். பாதி கறுப்பு, பாதி மஞ்சள். தியேட்டரிலிருந்து மூன்றாவது தடவையாகப் போன் அலறிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆபரேஷன், ஆளை மேஜையில் படுக்க வைத்துவிட்டார்கள். "பட்டை பழசு. கட்டை அனுப்பு" என்றேன். பாதி மஞ்சளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். டப்பாவைத் திறந்து ஒரு கறுப்பை எடுத்து ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

மேஜையில் படுத்திருந்தவர் ஒரு தபால்காரர். பத்தாம் நாள் அவர் முழங்காலில் சீழ் வைத்தது. மறுபடி அறுத்தார்கள், அதற்கப்புறம் இன்னொரு தடவை. வீடு வீடாக நடந்து பிழைத்தவருக்கு நடை போயிற்று.

விசாரணை வைத்தார்கள். முதலில் ரேடியோவைக் கூப்பிட்டார்கள். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அடுத்து என்னைக் கூப்பிட்டு, பாதி மஞ்சளாக ஒரு பட்டை வந்ததா என்று கேட்டார்கள். லோடு புத்தகம் மேஜைமேல் திறந்து கிடந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

"அப்படி எதுவும் நடக்கலைங்க" என்றேன்.

புத்தகத்தில் பட்டை கறுப்பு, அப்படியானால் மிஷினில் தப்பில்லை, இறக்கியவள்தான் கட்டை ஈரத்தில் வைத்துக் கெடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். 'அலட்சியமும் பொய்யும்' என்று அவள் கோப்பில் எழுதி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தபால்காரர் கட்டுப்போட்ட காலோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் காதில் விழ அவளைத் திட்டினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி நேரத்தில் எழுந்து, "என்மேல் வந்த வீண்பழியிலிருந்து கர்த்தர் என்னை மீட்டார்" என்று சொன்னேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பாடகர் வரிசையில் ரேடியோ நின்றிருந்தாள். பாட்டுப் புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள். அப்புறம் அவள் சபைக்கு வரவில்லை. என் சாட்சி மட்டும் சபையின் மாத இதழில் அச்சாகி வந்தது.

முதல் தடவை பயத்தில் சொன்னேன். எனக்கு நானே அப்படித்தான் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டாம் தடவை தலை சீவி, நல்ல சேலை கட்டி, மூன்று சபைக்கு முன்னால் நின்று சொல்வதற்கு எந்தப் பயத்தைக் காரணம் காட்டுவது?

பாஸ்டர் கேட்ட அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர். மைக் செட்டும் அவர் பொறுப்புதான். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு அதைக் கிளறுற?"

"அவளுக்கும் ஒரு வருஷம் ஆச்சுங்க."

"ஆண்டவர்கிட்ட சொல்லிட்டியா, இல்லையா?"

"தினமும் சொல்றேன். கேட்டுக் கேட்டு அவருக்கே சலிச்சிருக்கும்."

"அப்புறம் என்னடி? அவர் மன்னிச்சாச்சு. விடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆண்டவரையா வேலையை விட்டு நிறுத்தினாங்க? அவரையா வாசல்ல வச்சுத் திட்டினாங்க? அடிபட்டவ ஒருத்தி, மன்னிப்பு வாங்கறது வேற இடத்துலயா?"

"அடுத்த மாசம் உன் பிரிவுக்கே உன்னை இன்சார்ஜ் ஆக்கப் போறாங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் பாஸ்டரைப் பார்க்கப் போனேன். சபையின் பின்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னேன். அவர் நல்ல மனிதர். முகம் வெளிறிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அறிக்கை பண்ணிட்டீங்க, நல்லது. கூட்டத்துல சாட்சி வேண்டாம். வேற யாரையாவது பார்த்துக்கறேன். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்மா."

"வர்ற ஞாயிறு நான் எழுந்து சொல்லணுங்க ஐயா. எங்க பொய் சொன்னேனோ அங்கேயே."

"அவசரப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் மூப்பரு. சாட்சி இதழ்ல வேற வந்திருக்கு. வெளியில இருக்கறவங்க நம்மளைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"என் பொய்யை அச்சடிச்சு வீடு வீடா கொடுத்திருக்கோம். அதை விடவா கேவலமா பேசிடுவாங்க? காணிக்கை கொண்டு வந்தவன், மனசு நொந்தவங்க இருந்தா காணிக்கையை அங்கேயே வச்சுட்டு முதல்ல அவங்ககிட்ட போகணும்னு நீங்கதானே இதே இடத்துல நின்னு பிரசங்கம் பண்ணீங்க? மூணு குறிப்பா பிரிச்சு, ஒரு மணி நேரம்!"

பாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "கண்ணை மூடுங்கம்மா, ஜெபிக்கலாம்" என்றார்.

"முதல்ல அவளைப் பார்த்துட்டு வர்றேன். அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஜெபிக்கலாம்" என்று எழுந்துவிட்டேன். ஜெபிக்கக் கூப்பிட்டபோது எழுந்து போனது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

ரேடியோ ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். லீவு போட்டுவிட்டுப் போனேன். தாழ்ந்த கூரை, ஈரச் சூடு, சோப்பு வாடை. சுடு உருளை மிஷினிலிருந்து படுக்கை விரிப்புகள் சுருக்கம் நீங்கி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவள் இளைத்திருந்தாள். உதடு மூடியிருந்தது. அவ்வளவு நேரம் அந்த வாய் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை.

"நான் உன்கிட்ட..." என்று ஆரம்பித்தேன். அழுகை முந்திக்கொண்டது.

"அழறதுக்கு வேற இடம் பாருங்க. இங்க துணி கீழ விழுந்தா மறுபடி துவைக்கணும்" என்றாள். கூட வேலை செய்பவள் அன்று வரவில்லை போலிருக்கிறது. "வந்ததுதான் வந்தீங்க, அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தேன். ஆளுக்கு இரண்டு முனை, இழுத்து உதறி, நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அப்படிக் கிட்ட வரும்போதெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன். பட்டையைக் கசக்கியது, டப்பாவிலிருந்து எடுத்தது, விசாரணையில் புளுகியது. அவளுக்குத் தெரிந்த கதைதான். என் வாயால் கேட்க வேண்டாமா?

பத்து விரிப்பு மடித்த பிறகுதான் அவள் பேசினாள்.

"மன்னிப்பு கேக்கறீங்களா?"

"ஆமா."

"அது இருக்கட்டும். அழுகை எனக்கு வேணாம், கையெழுத்து வேணும். அந்தப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டீங்களே, அதே கையெழுத்து. என்ன நடந்ததுன்னு எழுதி அதுக்குக் கீழ போடுங்க. எங்கெங்க போய் என்னைப் பொய்க்காரி ஆக்குனீங்களோ அங்கெல்லாம் போய்ச் சொல்லுங்க. அந்தத் தபால்காரரையும் மறந்துடாதீங்க. இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கறாரு. என்னைத் திட்டறதுல அவருக்கு ஒரு ஆறுதல் இருந்துச்சு, இப்ப அதுவும் போகும்."

"எழுதறேன். ஞாயித்துக்கிழமை சபையிலயும் சொல்றேன். நீயும் வா."

"நீங்க நல்லவளாகறதை நான் வந்து வேடிக்கை பார்க்கணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தேன். கூடை காலியாகும்வரை விடவில்லை அவள்.

கடிதத்தை அன்றைக்கே எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. என்னைப் பற்றி மட்டும் எழுதினேன், டப்பாவில் கைவிட்ட மற்றவர்கள் பெயரை எழுதவில்லை. அவரவர் கையை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் டப்பா இருந்ததையும், கதவு ரப்பர் தேய்ந்து நீராவி கசிந்த மூன்றாம் நம்பர் மிஷினையும் எழுதினேன். மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக டப்பாவை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். கடிதம் வெளியே தெரிந்தால் டப்பா காணாமல் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன்.

பிறகு கடிதத்தைத் தலைமை நர்ஸான மேட்ரனிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? முடிஞ்சுபோன கேசு. அந்த ஆளு இதைப் பார்த்தா ஆஸ்பத்திரி மேல வழக்குப் போடுவாரு."

"போடட்டும் மேடம். போன கால் அவருது."

"அந்தப் பொண்ணுக்கு வேலைதானே வேணும்? அடுத்த மாசம் தற்காலிகமா எடுத்துக்கலாம். நீங்கதான் இன்சார்ஜ், பக்கத்துலயே வச்சுக்கோங்க. யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் காகிதத்தைக் கிழிச்சுடலாம்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் ஆசையாக இருந்தது. அவளுக்கு வேலை, எனக்குப் பதவி, வீட்டில் நிம்மதி. எவ்வளவு சுத்தமாக மடிந்து வருகிறது பார்! ஆனால் அவள் என்கீழ் வந்து வேலை செய்வாள், அந்த இரண்டு வார்த்தையும் கோப்பில் அப்படியே இருக்கும், வாழ்நாள் முழுக்க நான் போட்ட பிச்சையில் நிற்பாள். புத்தகத்தில் இன்னொரு கறுப்புப் பட்டையை ஒட்டுகிற வேலைதான் இதுவும்.

"அவளுக்குப் பேரைத் திருப்பிக் கொடுங்க மேடம். வேலையை அவளே தேடிக்குவா."

"இந்தக் கடிதம் என் கைக்கு வரவே இல்லைன்னு வச்சுக்கோங்க" என்று மேட்ரன் அதை மேஜை டிராயருக்குள் போட்டார்.

"அது நகல் மேடம். ஒரிஜினலை ஆபீஸ் தபால் பிரிவுல கொடுத்து, நேரம் போட்டு முத்திரை குத்தி வாங்கிட்டுத்தான் இங்க வந்தேன். தபால்காரருக்கும் ஒண்ணு பதிவுத் தபால்ல போயிருக்கு."

மேட்ரன் டிராயரைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "வெளியே போங்க" என்றார். அன்று மாலைக்குள் என்னைத் தற்காலிக நீக்கம் செய்த உத்தரவு வந்துவிட்டது. ஒரு வருஷமாக அசையாத ஆபீஸ் எவ்வளவு சுறுசுறுப்பு!

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் சபைக்குப் போனேன். ஆராதனை நடந்தது. அறிவிப்புகள் முடிந்தன. அடுத்தது சாட்சி நேரம். பாஸ்டர் அதைச் சொல்லாமலே அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். சரி, அப்படியா சேதி என்று எழுந்தேன். நடுப்பாதையில் நடந்து போய் மைக்குக்கு முன்னால் நின்றேன். ஆர்மோனியம் ஒரு சுரத்தோடு நின்றுபோயிற்று.

"போன வருஷம் இதே இடத்துல நின்னு நான் ஒரு சாட்சி சொன்னேன்" என்று தொடங்கினேன். பாஸ்டர் கடைசி வரிசையைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டினார். அங்கே மைக் செட்டுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர்! மைக்கை எடுத்துக் கீழே வைத்தேன்.

"மைக் வேண்டாம். மூணு ஸ்டெரிலைசர் ஓடுற சத்தத்துல கத்திப் பழகின தொண்டை இது. வெளியில நிக்கறவங்களும் கேளுங்க! அன்னிக்கு நான் சொன்னது அத்தனையும் பொய். என்மேல பழி வரலை. நான்தான் பழியைத் தூக்கி ஒருத்திமேல போட்டேன். நம்ம பாடகர் வரிசையில முதல்ல நிப்பாளே, அவமேல. அவ விசாரணையில உண்மையைச் சொன்னா. அவளைப் பொய்க்காரியாக்கிட்டு வந்து, கர்த்தர் என்னைக் காப்பாத்தினாருன்னு சொன்னேன். அவர் பேரையே என் பொய்க்குச் சாட்சிக்கு இழுத்தேன். அவர் காப்பாத்தலை. அந்த வேலையை அவர் செய்ய மாட்டாரு."

பாஸ்டர் மெதுவாக, "அம்மா, போதும்" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க ஐயா. இதழ்ல அன்னிக்கு எந்தப் பக்கத்துல என் பொய் வந்ததோ, அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல இது வரணும். எழுதிக் கொண்டு வந்திருக்கேன்." காகிதத்தை அவர் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். பாவம், வேறு என்ன செய்வார்?

திரும்பி நடந்து வரும்போது முன் வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அழாதீங்கம்மா. போன தடவை அழுததே போதும்" என்றேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "மைக்கை நான்தான் நிறுத்தினேன்."

"தெரியும்."

சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். "கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு" என்றார். எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுவிசாரணைக்கு ஓலை வந்தது. அதே அறை, வெளியே அதே நீள பெஞ்சு. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேடியோ வந்தாள். பெஞ்சின் அந்த முனையில் உட்கார்ந்தாள்.

"நான் இன்னும் மன்னிக்கலை" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்."

"மன்னிப்பேனான்னும் தெரியலை."

"அதை உன்கிட்டயிருந்து வாங்கிட்டுப் போக நான் வரலை."

படிக்கட்டில் கம்பு தட்டும் சத்தம் கேட்டது. தபால்காரர். ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். அவர் நடப்பதை நான் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். முழங்கால் மடங்கவே இல்லை. நேராக ரேடியோவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்மா. தப்பான ஆளைத் திட்டிட்டேன். மன்னிச்சுக்கோ."

"பரவால்லண்ணே, உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அவ்வளவுதான். தப்பு தெரிந்ததும் படியேறி வந்து கேட்டுவிட்டார். நான் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டதை அந்த மனிதர் மடங்காத காலோடு நின்றபடி முடித்துவிட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் கடிதம் போட்டது நீங்களா?"

"நான்தாங்க. உங்க கால் போனது என்னாலதான்."

அவர் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உங்களை என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலை" என்றார்.

"சட்டத்துல என்ன இருக்கோ அதைச் செய்யுங்க. எதையும் நான் மறுக்கப் போறதில்லை."

கதவு திறந்தது. எழுத்தர் கையில் பட்டியலோடு எட்டிப் பார்த்து ரேடியோவின் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். நானும் எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"முதல்ல நான் வர்றேன்."

"லிஸ்ட்ல அவங்க பேருதான் முதல்ல இருக்கு."

"லிஸ்ட் கிடக்கட்டும். போன தடவையும் அவளைத்தான் முதல்ல விட்டீங்க. அவ சொன்னதுக்குப் பின்னால போய்த்தான் நான் இல்லைன்னு சொன்னேன். இந்தத் தடவை நான் முதல்ல சொல்றேன். அவ சொல்றதை அதுக்கப்புறம் யாரு இல்லைங்கறாங்கன்னு பார்ப்போம்."

எழுத்தர் உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவை அகலத் திறந்தார். வீராப்பாகப் பேசிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். வாசற்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"டப்பாவை மறந்துட்டீங்க, அக்கா."

பெஞ்சில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ரேடியோ அதை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த 'அக்கா'வைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. நின்று அழ நேரமில்லை. வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்காமல் மூடியைத் திறந்து, நாற்பத்தொரு கறுப்புப் பட்டைகளையும் அவர்கள் மேஜைமேல் கொட்டினேன்.